பால் டீக்கும் மரச்சீனி முத்துக்கும் என் வாதம்

நடுவர் அவர்களே, மார்த்தாண்டத்துப் பெரியவர்களே, கேரளத்துப் பாறசாலையிலிருந்து எல்லை தாண்டி வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பபிள் டீயில் சிறந்தது மரவள்ளி முத்து போட்ட பால் டீயா, வெடிக்கும் முத்து போட்ட பழ டீயா?" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பபிள் டீ என்றால், அடியில் முத்து முத்தாக உருண்டைகள் போட்டு, தடித்த ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிக்கும் டீ. மரவள்ளி முத்து என்பது மரவள்ளிக் கிழங்கு மாவில் உருட்டியது. நான் பால் டீ அணி. எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நம் ஊர் வெயிலுக்குப் பழ டீதான் ஏற்றது, உடம்புக்கும் அதுதான் நல்லது, மரவள்ளி முத்தை மெல்வது ரப்பரை மெல்வது போல என்றார்.

ரப்பரிலிருந்தே தொடங்குகிறேன். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இப்படி ஓர் உவமை சொல்ல அக்காவுக்கு நிறையத் துணிச்சல் வேண்டும்! அவருக்குக் கிடைத்தது மத்தியானம் வேகவைத்து ராத்திரி ஊற்றிய முத்தாக இருக்கும். வெந்த மாவுச்சத்து ஆற ஆற இறுகும். குளிர்பெட்டியில் வைத்த சோறு மறுநாள் விறைத்துக் கிடக்கிறதே, அதே காரணம்தான். முத்தை அரை மணி நேரம் போல வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சில மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனமில்லாத கடைக்காரர் மேல் கோபப்படுங்கள் அக்கா, முத்து பாவம்.

சரி, வெடிக்கும் முத்து என்றால் என்ன? கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கால்சியத்தோடு சேரும்போது மெல்லிய தோலாகக் கட்டிக்கொள்ளும். அந்தத் தோலுக்குள் இனிப்பு கலந்த சாறு. அது டப்பாவில் பாகோடு வரும், கடையில் மூடியைத் திறந்து அள்ளிப் போடுவார்கள். வேகவைக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். கடைக்காரருக்கு வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயில் போட்டால் ஒரு சின்ன 'பட்', அவ்வளவுதான். பிறகு பல்லுக்கு ஏது வேலை? மெல்ல ஒன்றும் இல்லாத டீக்கு அத்தனை தடித்த ஸ்ட்ரா எதற்கு?

வெயில் என்றார். வெயிலுக்கு நமக்கு வேறு வழியா இல்லை? களியக்காவிளையைத் தாண்டினால் குலுக்கி சர்பத் இருக்கிறது. எலுமிச்சை, பச்சை மிளகாய், சப்ஜா விதை போட்டு, கண் முன்னால் குலுக்கித் தருவார்கள். எதிரணி புகழும் பழ டீ அந்த வேலையைத்தான் செய்கிறது, கூடுதல் விலைக்கு. நம் பால் டீயிலும் ஐஸ் உண்டு என்பதை அக்கா ஏனோ சொல்லவே இல்லை.

உடம்புக்கு நல்லது என்ற பேச்சை நான் நீட்டப் போவதில்லை. இரண்டிலும் சர்க்கரைதான். பல கடைகளில் பழ டீயில் இருப்பது பழமே இல்லை, பழச்சுவை சிரப். இரண்டுக்குமே சர்க்கரை எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள், முப்பது என்று சொல்லிப் பழகுங்கள். ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுத்தருகிறேன்: சின்னக் குழந்தைகளுக்கு மரவள்ளி முத்து வேண்டாம். ஸ்ட்ராவில் உறிஞ்சும் வேகத்தில் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம்.

இப்போது பிறந்த கதைக்கு வருகிறேன். பபிள் டீ 1980களில் தைவானில் பிறந்தது. தைச்சுங் நகரத்துக் கடை ஒன்றும் தைனான் நகரத்துக் கடை ஒன்றும் "முதலில் போட்டது நாங்கள்தான்" என்று பத்தாண்டு அளவுக்கு நீதிமன்றத்தில் மோதின. எவரும் போடக்கூடிய ஒரு பானத்தை முதலில் போட்டது யார் என்று முடிவு செய்யத் தேவையில்லை என்று 2019இல் வழக்கு முடிந்தது. நடுவர் அவர்களே, அவர்கள் அடித்துக்கொண்டது டீயில் மரவள்ளி முத்தைப் போட்டது யார் என்பதற்காக. வெடிக்கும் முத்துக்காக யாராவது கோர்ட் படி ஏறினார்களா?

அந்த மரவள்ளிதான் நம் மரச்சீனி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவை ஜப்பான் பிடித்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, இங்கே அடுப்பில் வெந்தது இந்தக் கிழங்குதான். அப்போது நம் விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர் அல்லவா? முன்வரிசைக்காரர்கள் கப்பை என்பார்கள், நாம் மரச்சீனி என்போம், சாளை மீன் குழம்பை ஊற்றியதும் சண்டை முடிந்துவிடும். சேலம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசியாவதும் இதே கிழங்கின் மாவுதான். அதைக் கொஞ்சம் பெரிதாக உருட்டி, கருஞ்சர்க்கரைப் பாகில் போட்டதைத்தான் தைவான் சரக்கு என்று நம் பிள்ளைகள் படம் பிடித்துப் போடுகிறார்கள். பிடிக்கட்டும். என் ஆசையெல்லாம், நம் ஊர்க் கடைக்காரர் ஒருவராவது அந்தப் பாகைப் பனங்கருப்பட்டியில் காய்ச்ச வேண்டும் என்பதுதான்.

என் அணியிலும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். டாரோ என்ற ஊதா நிற பால் டீ இருக்கிறதே, அது நம் சேம்பு. சேம்பு அவித்தால் வெள்ளையும் சாம்பலுமாகத்தான் வரும், அந்த ஊதாவில் பெரும்பாலும் கலர் பொடியின் கைவேலை உண்டு. அப்புறம், கருஞ்சர்க்கரைப் பால் என்று விற்பதில் பல கடைகளில் டீயே கிடையாது. இவை இரண்டையும் என் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் பேசுவது கடுப்பமான கட்டன் சாயாவில் பால் சேர்த்து, புதிதாக வெந்த முத்து போட்டதைப் பற்றி.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும் முன் இரண்டு கோப்பையும் வரவழையுங்கள். டீயைக் குடித்துத் தீர்த்துவிட்டு, அடியில் கிடப்பதை மட்டும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். எதற்கு இரண்டாவது கரண்டி கேட்கிறீர்களோ, அதற்கே தீர்ப்பை எழுதுங்கள். வணக்கம்.