டிஸ்க் அறுவை சிகிச்சை: எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி புட்டத்தில் தொடங்கிக் கணுக்கால்வரை இறங்கும். எம்ஆர்ஐ படம் வந்ததும் வீட்டில் இரண்டு குரல் எழும். "உடனே ஆப்பரேஷன் செய்துவிடு" என்பார் ஒருவர். "முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்" என்பார் இன்னொருவர். இருவருமே படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். நாள் குறிக்க வேண்டியதோ நரம்பின் நிலையைப் பார்த்து.

வலி மட்டும்தான், காலில் பலம் குறையவில்லை என்றால் முதல் ஆறு வாரம் அவசரம் வேண்டாம். பிதுங்கி வெளியே வந்த துண்டை உடலின் வெள்ளணுக்களே அரித்துக் கரைக்கும். படத்தில் பயமுறுத்தும் பெரிய துண்டுதான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்கும். இந்த வாரங்களில் வலிமாத்திரை, மெல்லிய நடை, பிசியோதெரபி போதும். இரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடப்பது கெடுதல்.

நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் கடுமையான கால்வலி பட்ட 283 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. சீக்கிரமே அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் 4 வாரத்தில் தேறினார்கள். பொறுத்திருந்த பிரிவில் அதற்கு 12 வாரம் ஆனது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்த பிரிவிலும் 39 விழுக்காட்டினர் அந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே இந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சையால் கிடைப்பது வேகம். மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் அந்த வேகத்தின் மதிப்பு ஒன்றல்ல.

அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. 4 முதல் 12 மாதம் வலித்தவர்களை ஆராய்ந்த கனடா ஆய்வு 2020இல் வந்தது. ஆறு மாதம் கழித்து, பத்துக்கு அளந்த கால்வலி அறுவை சிகிச்சைப் பிரிவில் 2.8, மற்ற பிரிவில் 5.2. ஆறு மாதத்துக்கு மேல் வலியோடு காலம் ஓட்டியவர்கள் எந்தச் சிகிச்சை பெற்றாலும் தேறுவது குறைவு என்று அமெரிக்க ஆய்வும் காட்டியது. என் கணிப்பில் ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் முடிவெடுத்துவிடுவது நல்லது. சிங்கப்பூரில் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போன்ற இடத்தின் பரிந்துரை வேண்டும். பிறகு எம்ஆர்ஐக்கும் தேதி கிடைக்க வேண்டும். அதனால் பரிந்துரைக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். குணமானால் தேதியை ரத்து செய்துகொள்ளலாம்.

பலம் குறைந்தால் கணக்கே வேறு. குதிகாலால் பத்து அடி நடந்து பாருங்கள், முன்பாதம் தொய்கிறதா? சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைப் பத்து முறை உயர்த்துங்கள். மறு காலைவிடச் சீக்கிரம் சோர்கிறதா? அப்படியானால் வாரக்கணக்கு முடிந்தது, இனி நாள்கணக்கு. அன்றே மருத்துவரைப் பாருங்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வலி திடீரென்று அடங்கி, அதே சமயம் பாதம் தொங்கிப்போனால் அது குணமில்லை, நரம்பு செயலிழக்கிறது.

நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால், கால் மரத்தால் "சுகர்தான்" என்று விட்டுவிடுகிறோம். நீரிழிவு மரப்பு பொதுவாக இரு பாதங்களிலும் விரல் நுனியிலிருந்து மெல்ல ஏறும். டிஸ்க் மரப்பு பெரும்பாலும் ஒரே காலில், ஒரு பட்டையாக இருக்கும்.

அறுவை சிகிச்சையில் நுண்ணோக்கி வழியாக, 2, 3 சென்டிமீட்டர் கீறலில், நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பார்கள். மீதி டிஸ்க் அங்கேயே இருக்கும்; அதனால் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு மறுபடி பிதுங்கும். கால்வலி முதலில் போகும், பலம் வாரங்களில், மாதங்களில் திரும்பும், மரப்பு கடைசியில் போகும், சிலருக்குப் போகாமலும் இருக்கும். சிதைந்த நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் ஏறக்குறைய ஒரு மீட்டர். தாமதத்தின் விலை அங்கேதான் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆறு வாரம் குனிந்து திரும்பி எதையும் தூக்காதீர்கள், அது பேரப்பிள்ளையாக இருந்தாலும் சரி.

கடைசியாக, மணிக்கணக்கில் ஓட வேண்டிய நிலை. சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போவது, கழுவும்போது தொடுவது தெரியாமல் இருப்பது, சிறுநீர் அடைவது அல்லது போவதே தெரியாமல் போவது, இரு கால்களும் பலமிழப்பது. முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கொத்தே நசுங்குகிறது என்று பொருள். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப வாய்ப்பு அதிகம். சிறுநீர் முழுதும் அடைபடும் முன்பே நீக்கினால் இன்னும் நல்லது. காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வெறுமனே "முதுகுவலி" என்று சொன்னால் காத்திருப்போர் வரிசையில் உட்கார வைக்கலாம். "சிறுநீர் போவது தெரியவில்லை, அடிப்பகுதி மரத்திருக்கிறது, நேற்று இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அந்த உறுப்பைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் கிளம்பும் முன் எதுவும் சாப்பிட வேண்டாம். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை எடுப்பவர் மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.