பவுல் சாப்பிடச் சொன்னார்

நேயர்களுக்கு வணக்கம். ‘துன்பத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை’ என்று தலைப்புக் கொடுத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சாமியார் இல்லை. பாம்பன் பக்கம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் பெரிய இறையியலெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். காற்றடிப்பது, கப்பல் உடைவது, இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த இதை வைத்தே பேசிவிடுகிறேன்.

விவிலியத்தில் புயல் என்றதும் நமக்கு நினைவு வருவது, இயேசு படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கியதுதான். எழுந்தார், காற்றை அதட்டினார், கடல் அடங்கியது. பல வீடுகளில் காலண்டரிலும் அந்தப் படம் தொங்குகிறது. நல்ல படம். ஆனாலும் எனக்கு அதைவிடப் பிடித்தது திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம். அங்கே காற்றை யாரும் அதட்டவில்லை. அது அடித்துத் தீர்த்துவிட்டுத்தான் போனது.

இயேசுவின் செய்தியை ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பவுல் அப்போது கைதி. விசாரணைக்காக ரோமுக்குக் கொண்டு போகிறார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து கோதுமை ஏற்றி வந்த கப்பல், கிரேத்துத் தீவில் ஒரு துறையில் நிற்கிறது. பருவம் தப்பிவிட்டது, அந்தக் கடலில் குளிர்காலம் வந்தால் ஓட்டம் கிடையாது. இப்போது கிளம்பினால் சரக்கும் போகும், கப்பலும் போகும், உயிரும் போகும் என்று பவுல் எச்சரிக்கிறார். காவலுக்கு வந்த நூற்றுவர் தலைவர், கப்பலோட்டியும் கப்பல்காரரும் சொன்னதைத்தான் கேட்டார். கைதி பேச்சு எங்கே எடுபடும்? தெற்கேயிருந்து இதமாகக் காற்று வீசியதும் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வடகிழக்கிலிருந்து அடித்தது பாருங்கள்!

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன், கோவித்துக்கொள்ளாதீர்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதைப் பார்த்த பிறகும், “மாதா பார்த்துக்குவாங்க” என்று வள்ளத்தைத் தள்ளுகிறவர்கள் நம்மில் உண்டு. ஏன் தள்ளுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நாலு நாளாகத் தொழில் இல்லை, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் நிற்கிறது, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாதா பார்த்துக்கொள்வார், சரி. வானிலை அறிவிப்பை யார் பார்ப்பது? அந்தப் பயணத்தில் பவுல் வாயைத் திறந்து முதலில் பேசியதே பருவத்தைப் பற்றித்தான். அவரும் கடல் தெரியாத ஆள் இல்லை. இதற்கு முன்பே மூன்று முறை கப்பல் உடைந்து தவித்தவர், ஓர் இரவும் பகலும் கடலில் கிடந்தவர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் அவரே சொல்கிறார்.

சரி, கப்பலுக்கு வருவோம். உடையாமல் இருக்கக் கயிறுகளால் கப்பலைச் சுற்றிக் கட்டினார்கள். மறுநாள் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தார்கள், மூன்றாம் நாள் தளவாடங்களையும். பல நாள் சூரியனும் இல்லை, வெள்ளி என்கிறோமே, அந்த நட்சத்திரங்களும் இல்லை. வெள்ளி பார்த்து ஓடிய நம் தாத்தாமார்களுக்குத் தெரியும் அது என்ன பாடு என்று. 14ஆம் நாள் நள்ளிரவில், கரை கிட்டே வருகிற மாதிரி மாலுமிகளுக்குத் தோன்றியது. ஆழம் பார்க்க ஈயக்குண்டு விட்டார்கள், 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி). கொஞ்சம் தள்ளி மறுபடி விட்டார்கள், 15 பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று பின்பக்கம் நாலு நங்கூரத்தை இறக்கிவிட்டு, எப்போதடா விடியும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

பவுலுக்கு அதற்கு முன்பே வாக்குக் கிடைத்திருந்தது: ஓர் உயிரும் போகாது, கப்பல் மட்டும் போகும். நாம் செபிக்கும்போது வள்ளம், வலை, இன்ஜின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். கேட்கலாம், தப்பே இல்லை. கப்பல் போனதால் வாக்குப் பொய்த்துப்போனது என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்கிறேன்.

உடனே ஒரு கேள்வி வரும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு என்ன வாக்கு? அந்த வீடுகளில் நான் இந்த அதிகாரத்தை வாசிப்பதில்லை. போய் உட்காருவேன், அவ்வளவுதான்.

விடிகிற நேரம் பவுல் எல்லாரையும் பார்த்து, 14 நாளாக ஒன்றும் சாப்பிடாமல் கிடக்கிறீர்கள், சாப்பிடுங்கள், அதுதான் உயிர் பிழைக்க உதவும் என்கிறார். அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டு, தானே முதலில் சாப்பிடுகிறார். கப்பலில் 276 பேர். காற்று இன்னும் அடங்கவில்லை, கப்பல் இனிமேல்தான் உடையப்போகிறது. நன்றி அதற்குள் சொல்லியாகிவிட்டது!

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தா ஞாபகம் வரும். தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன ரயிலே கடலோடு போயிற்று. குடிசையும் வள்ளமும் எம்மாத்திரம்? மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். இராமேசுவரத்தில் ஒரு சத்திரத்துத் திண்ணையில் நனைந்த சேலையோடு பெண்கள் கூட்டம். யாரோ அரிசி கொடுத்திருக்கிறார்கள். பண்டிகை நாளாயிற்றே, செபமாலை சொல்லி முடித்துவிட்டு அடுப்பு மூட்டலாம் என்றார்களாம். அப்பத்தா, “முதல்ல பிள்ளைக வாயில கஞ்சிய ஊத்துங்கடி, செபமாலை எங்கயும் ஓடிப்போகாது” என்று சத்தம் போட்டிருக்கிறார். சிரட்டையில் ஊற்றி, உப்பு இல்லாமல் கொடுத்த கஞ்சி. “சுத்தி அம்புட்டு உப்புத்தண்ணி, கஞ்சிக்கு ஒரு கல்லு உப்பு இல்ல பாரு” என்று மீன் ஆய்ந்துகொண்டே சொல்லிச் சிரிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். 27ஆம் அதிகாரத்தை அவருக்கு யாரும் வாசித்துக்காட்டியிருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. தனுஷ்கோடிக் கோவில் சுவர் இன்றும் நிற்கிறது, வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். அப்பத்தா கடைசி வரை அங்கே திரும்பிப் போகவே இல்லை.

பெரிய துன்பத்துக்கு ஊர் வந்துவிடும். படகு இலங்கைப் பக்கம் பிடிபட்டால் சங்கத்தார் வருவார்கள், பங்குத்தந்தை வருவார், பக்கத்துத் தெரு பாய் வீட்டிலிருந்து சோறு வரும். சின்னத் தொல்லைக்கு யார் வருகிறார்கள்? பல்வலி, ஏலத்தில் விலை விழுந்த நண்டு, ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் விசைப்படகுக்காரர், அவரைச் சமாளிக்கும் மனைவி! கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். விரல்களில் துணி சுற்றியிருப்பார். குனிந்து கடல் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுத்தான் இறங்குவார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “பாறை காலக் கிழிக்கக் கூடாதுன்னு, சார்.” அவ்வளவுதானா என்றேன். “இன்னைக்கு அவ்வளவுதான்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். ஓரியூரைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். 1693இல் அங்கே தலை வெட்டப்பட்ட புனிதர் அருளானந்தரிடம் ஒரு பாட்டி ஆட்டுக்குட்டியைக் காணோம் என்று முறையிட்ட கதை. அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். 28ஆம் அதிகாரத்தை மட்டும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நீந்தியும் பலகையைப் பிடித்தும் எல்லாரும் மால்டா தீவில் கரை ஏறிவிட்டார்கள். மழை, குளிர். தீவுக்காரர்கள் நெருப்பு மூட்ட, பவுல் சுள்ளி பொறுக்கி வந்து போடுகிறார். அதற்குள்ளிருந்து ஒரு விரியன் கையைக் கவ்விக்கொண்டது. அத்தனை பெரிய புயலில் தப்பியவருக்குச் சுள்ளிக்கட்டில் பாம்பு! நெருப்பில் உதறிவிட்டார். மூன்று மாதம் அங்கேயே தங்கி நோயாளிகளைப் பார்த்தார். அப்புறம் ரோமுக்குக் கிளம்பினார், மறுபடியும் கப்பலில்தான். மீதியை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.