விவேகம்: முறத்தில் பிறந்த சொல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'விவேகம் என்பது வருமுன் காண்பதா, பிரித்து அறிவதா?' பிரித்து அறிவதே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் லத்தீனைத் துணைக்கு அழைத்தார். விவேகத்தைக் குறிக்கும் 'புரூடென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீனின் 'புரொவிடென்ஷியா'விலிருந்து வந்தது, முன்னே பார்ப்பது என்று பொருள் என்றார். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பில் இருக்கும் சொல் விவேகம் ஐயா! அது வடசொல். 'வி' முன்னொட்டு, 'விச்' வேர். அந்த வேருக்குப் பொருள் பிரித்தல். குறிப்பாக, தானியத்தைப் புடைத்து உமி நீக்குதல்.

'வேகம் இல்லாததுதான் விவேகம்' என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. வேகத்தின் வேர் 'விஜ்'. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மெதுவாகப் போவதே விவேகம் என்றால் ஆமைக்குத்தான் பொன்னாடை போர்த்த வேண்டும். சூழ்ச்சியின் முடிவு துணிவு, துணிந்தபின் தாமதிப்பது தீது என்கிறது 671ஆம் குறள். (அங்கே சூழ்ச்சி என்றால் ஆராய்ச்சி. பாவம், அந்த நல்ல சொல்லை நாம் சதிக்குத் தாரை வார்த்துவிட்டோம்.)

தமிழுக்கு வாருங்கள். தெரிதல் என்றால் அறிதல். தெரிந்தெடுத்தல் என்றால் பொறுக்கி எடுத்தல். ஒரே சொல்! தெளிவுக்குச் சொந்தக்காரச் சொல் தெள்ளுதல். அது முறத்து வேலை. புடைத்தால் உமி முன்னால் பறக்கும், மணி பின்னால் தங்கும். கல் பறக்காது, அது கனம். கல்லை ஒதுக்க, முறத்தைப் பக்கவாட்டில் அசைத்துக் கொழிக்க வேண்டும். அளவுக்கு மீறி அள்ளிப் போட்டால் உமி அடியில் மாட்டிக்கொள்ளும். மிஞ்சி வீசினால் மணியும் சேர்ந்து போகும். முடிவெடுக்கும்போது நாம் சறுக்குவதும் இப்படித்தானே? பத்துச் சிக்கலை ஒன்றாகக் கொட்டிக் குழம்புகிறோம். ஒரு குறைக்காக ஆளையே தூக்கி எறிகிறோம். கனமாக உட்கார்ந்திருக்கிறது என்பதற்காகக் கல்லை மணி என்று நம்புகிறோம்.

'எதிரதாக் காக்கும் அறிவினார்', அதாவது வரப்போவதை முன்பே அறிந்து காத்துக்கொள்பவர், என்று 429ஆம் குறளை முழங்கினார்கள். காப்பவர் அறிவினார், அந்த அறிவு எது? அதே அதிகாரத்தில், ஏழு குறளுக்கு முன்பே விடை இருக்கிறது: 'தீதொரீஇ நன்றின்பால் உய்ப்பது அறிவு'. தீதை விலக்கி நன்மைப் பக்கம் செலுத்துவது. பிரிக்கத் தெரியாதவனை முன்னே பார்க்கச் சொன்னால், வானத்தில் தெரியும் மேகமெல்லாம் அவனுக்கு மழைதான்.

'சல்லடையும்தான் பிரிக்கிறது, அது விவேகியா?' என்று அடுத்து வருபவர் மடக்கப் பார்ப்பார். மாணாக்கரைத் தரம் பிரிக்கும் நன்னூல், அன்னத்தைத் தலையிலும் நெய்யரியைக் (நெய் வடிகட்டும் பன்னாடை) கடையிலும் வைக்கிறது. இரண்டுமே பிரிப்பவை. ஆனால் நெய்யரி, நெய்யை ஒழுக விட்டுக் கசடைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. ஆக, பிரித்த பிறகு எதைக் கைக்கொள்வது என்பதும் இந்தச் சொல்லுக்குள் அடக்கம். அதற்கான முறை 504ஆம் குறளில் இருக்கிறது: குணம் நாடு, குற்றம் நாடு, இரண்டில் மிகுந்தது எது என்று நாடு, பிறகு அதைக் கொள். மூன்று முறை நாடிய பிறகுதான் ஒரு முறை கொள்ளச் சொல்கிறார். இந்த நான்கில் எது 'முன்னே பார்ப்பது' என்று எதிரணியினர் காட்டட்டும், மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.