எவ்வளவு இருந்தால் பணக்காரக் குடும்பம்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு குடும்பம் பணக்காரக் குடும்பம் என்று பெயர் வாங்க எவ்வளவு பணம் வேண்டும்? ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். வங்கிக்காரர்கள் ஏற்கெனவே பத்து லட்சம் டாலர் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டைச் சேர்க்காமல் அவ்வளவு முதலீடு இருந்தால், அவர்கள் கணக்கில் நீங்கள் பெரும் செல்வந்தர்.

ஆனால் கோடு போட்டால் அது பழசாகிவிடும். தனியார் முதலீடுகளில் யார் இறங்கலாம் என்பதற்கு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1982-இல் வைத்த சொத்து அளவும் இதே பத்து லட்சம் டாலர்தான். 2010-இல் குடியிருக்கும் வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள், தொகையைத் தொடவில்லை. விலைவாசியோ அங்கே மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

சரி, தொகையை விட்டுவிடுவோம். நாளை முதல் வீட்டில் ஒருவருமே வேலைக்குப் போகவில்லை என்றால், இதே வாழ்க்கையை எத்தனை ஆண்டு நடத்த முடியும்? நான் கேட்பது இதைத்தான். சொத்திலிருந்து கடனைக் கழியுங்கள். குடியிருக்கும் வீட்டையும் தள்ளுங்கள். வாடகை இல்லாததால் அதன் பலன் செலவிலேயே தெரிந்துவிடும். மிச்சத்தை ஆண்டுச் செலவால் வகுங்கள். கை நிறையச் சம்பாதித்து அத்தனையும் செலவழிக்கிற வீட்டுக்கு ஒன்று கூடத் தேறாது. பார்வைக்கு அதுதான் பணக்கார வீடு!

எத்தனை வந்தால் போதும்? வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் அங்கத்திய பங்கு, கடன் பத்திரங்களின் பழைய விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டார். முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும், பணம் 30 ஆண்டு தாங்கியது. அதாவது ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு. ஆனால் அது ஒரு நாட்டின் கடந்த காலம். 35 வயதுத் தம்பதிக்கு 30 ஆண்டு எப்படிப் போதும்? அவர்களுக்கு நான் 35 மடங்காவது கேட்பேன்.

இந்தக் கணக்கில் செலவுக்குத்தான் பலம் அதிகம். மாதச் செலவில் ஆயிரம் கூடினால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். 25 மடங்கு என்றாலும் சேர்க்க வேண்டியதில் மூன்று லட்சம் கூடிவிடும். சம்பள உயர்வு வந்ததும் பெரிய வீட்டுக்குப் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆள் கணக்குப்படி அப்படியே பெருக்கவும் வேண்டாம். நாலு பேருக்கு ஒருவரின் செலவைப் போல் இரண்டு மடங்கு என்றுதான் பொருளாதார ஆய்வுகளில் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே கூரை, ஒரே அடுப்பு.

அப்புறம், ஓய்வூதியக்காரர்கள். விலைவாசியோடு ஏறும் ஓய்வூதியம் என்றால், அதை முதலிலேயே செலவில் கழித்துவிடுங்கள். மொத்தச் செலவையும் அதுவே மூடிவிட்டால் வகுக்க ஒன்றும் மிஞ்சாது. அந்தக் குடும்பத்தை எந்த வங்கியும் செல்வந்தர் பட்டியலில் சேர்க்காது. நான் சேர்ப்பேன்.