நீலப்பச்சைப்பாசியும் நீல ஒளியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நெல்வயலில் தேங்கிய நீரின் மேல் வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும் நீலப்பச்சைப்பாசியைப் பார்த்திருப்பீர்கள். ஒளிச்சேர்க்கையால் வாழும் அந்த நுண்ணுயிருக்கு வெயில்தான் உணவு. ஆனால் அதே வெயிலில் வரும் புற ஊதாக் கதிர், டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்களை, அதாவது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான மூலக்கூறுகளை, ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. இழையைப் படியெடுக்க வரும் நொதி அந்தப் பிணைப்பில் தடைபட்டு நின்றுவிடும். அதைச் சரிசெய்யாவிட்டால் உயிரணு மடியும்.

இக்காயத்தை வெளிச்சமே ஆற்றும் என்பது 1949இல் தெரியவந்தது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர், புற ஊதாக் கதிர் பட்ட ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் வித்துகளில் எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிவந்தபோது, கணக்கு சோதனைக்குச் சோதனை தாறுமாறாக மாறியது. வெப்பநிலையே காரணமென்று முதலில் சந்தேகித்த அவர், ஒத்துவராத எண்களை ஒதுக்கிவிடாமல் துரத்திச் சென்று, உண்மைக் காரணம் சாதாரண வெளிச்சமே என்று கண்டார். அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பழுதுபார்ப்பது ஃபோட்டோலையேஸ் என்னும் நொதி. இருட்டிலேயே அது காயத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும். பிரிக்க மட்டுமே ஒளி வேண்டும். நீலப்பச்சைப்பாசியின் நொதியை வைத்து 2004இல் வெளியான எக்ஸ்ரே படிக ஆய்வில், காயப்பட்ட இடத்துத் தைமின் இணை டிஎன்ஏ சுருளிலிருந்து வெளியே புரண்டு, நொதியின் குழிக்குள் அமர்ந்திருப்பதைக் காணலாம். நீல ஒளியை வாங்கும் துணை நிறமி அந்த ஆற்றலைப் நொதிக்குள்ளேயே பக்கத்திலுள்ள ஃபிளேவின் என்னும் மூலக்கூறுக்குக் கைமாற்ற, ஃபிளேவினிலிருந்து ஓர் எலெக்ட்ரான் தைமின் இணைக்குத் தாவி, பிணைப்பை அறுத்து, மீண்டும் தன் இடத்துக்கே திரும்புகிறது. இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் முடிகிறது. மனித உடலில் இந்த நொதி இல்லை. நம் உயிரணுக்கள் காயத்தைச் சுற்றியுள்ள இழைத்துண்டையே வெட்டியெறிந்து புதிதாக நெய்ய வேண்டியிருக்கிறது.

இந்த மீட்பை ஒளிச்சேர்க்கையின் விளைவாகப் பலர் கருதுகிறார்கள், அது சரியன்று. ஒளிச்சேர்க்கையே அறியாத ஈ.கோலை பாக்டீரியாவிலும் இது நடக்கிறது. ஒளிச்சேர்க்கை உயிரிகளுக்கே உரிய காயம் வேறொன்று உண்டு: ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளக்கும் ‘ஒளியமைப்பு-2’ என்னும் தொகுதியின் டி1 புரதத்தையும் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. அங்கே ஒளி நேரடியாக எதையும் சரிசெய்வதில்லை. சிதைந்த புரதத்தைக் களைந்துவிட்டுப் புதியதைச் செய்ய ஆற்றல் தருகிறது. அதனால்தான் மங்கிய வெளிச்சத்தில் தேறிவரும் சினெகோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி, புரத ஆக்கத்தைத் தடுக்கும் லிங்கோமைசின் கலந்த நீரில், அதே வெளிச்சத்திலும் தேறுவதில்லை.