சென்னைக் கரையில் ஆமை நடை: முட்டைகளைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா?

[காட்சி: நள்ளிரவு. நீலாங்கரைக் கடற்கரையில் வரிசையாக நடந்து வரும் சிலர்.]

ஜனவரி தொடங்கி மார்ச் முடியும் வரை சென்னைக் கடற்கரையில் இப்படி ஒரு கூட்டத்தை நீங்கள் பார்க்கலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர் நடக்கிறார்கள். யாரும் டார்ச் அடிப்பதில்லை. எல்லோர் கண்ணும் மணலில்தான்.

தேடுவது ஒரு தடத்தை. பங்குனி ஆமை கரையேறிப் போன தடம். ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் வருகிறதே, அதே ஆமைதான். சென்னையில் இந்த ஆமை நடை 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1988 முதல் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற, கடல் ஆமைகளைப் பாதுகாக்கும் மாணவர் அமைப்பு இதைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. மாணவர்கள் படிப்பு முடிந்து போவார்கள், அடுத்த ஆண்டு புதியவர்கள் வருவார்கள். இத்தனை வருடம் கைமாறிக் கைமாறி ஒரு வேலை நிற்காமல் நடப்பது சாதாரண விஷயம் இல்லை.

[காட்சி: மணலில் குழியின் குறுக்குவெட்டு வரைபடம்.]

தடம் கிடைத்ததும் என்ன செய்வார்கள்? தாய் ஆமை ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை மாதிரி ஒரு குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டுப் போயிருக்கும். மேலே பார்த்தால் எது குழி என்று தெரியாது. அனுபவம் உள்ளவர் ஒரு குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்ப்பார். மணல் இறுக்கமாக இருந்தால் அங்கே இல்லை. சட்டென்று இளகினால், அதுதான் இடம். அப்புறம் கையால்தான் தோண்டுவார்கள்.

முட்டைகளை எடுப்பதில் ஒரு நிபந்தனை உண்டு: இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால்தான் இந்த வேலை விடியும் வரை காத்திருக்காது. எடுத்த முட்டைகளைப் பொரிப்பகத்தில், அதாவது குஞ்சு பொரியும் வரை காவல் காக்கும் இடத்தில், அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைக்கிறார்கள்.

அடுத்த 45 முதல் 60 நாட்களுக்கு வேலை செய்வது மணலின் சூடுதான். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட அதுதான் முடிவு செய்கிறது. 29, 30 டிகிரியைத் தாண்டி மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் பெருகும். கோடை முன்கூட்டியே வந்தால் பொரிப்பகம் நடத்துபவர்கள் கவலைப்படுவது இதனால்தான்.

[காட்சி: தெருவிளக்குகள், கடற்கரை ஓர வீடுகளின் விளக்குகள்.]

சரி, முட்டைகளை இடம் மாற்றுவது எதற்கு? குழியைத் தோண்டும் நாய்கள் ஒரு காரணம். இன்னொன்று நம் விளக்குகள். இரவில் வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அந்த வெளிச்சம் கடல் பக்கம் இருக்கும். இங்கே சாலைப் பக்கம் இருக்கிறது. கரை இருட்டாக இருந்தால் இந்தப் பொரிப்பகத்தின் தேவை பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம். குஞ்சுகள் வெளிவரும் மாதங்களிலாவது கடலைப் பார்த்த விளக்குகளை அணைப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

[காட்சி: கடலில் விசைப்படகு, இழுவலை.]

ஆனால் பெரிய ஆபத்து கரையில் இல்லை, கடலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். கடல் ஆமைக்கு நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு விட வேண்டும். இழுவலைக்குள் சிக்கி வெகு நேரம் அடியிலேயே கிடந்தால் மூச்சு முட்டிச் சாகும். குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அப்படித் தப்பித் தவறி வளர்ந்து, முட்டையோடு கரைக்கு வரும் ஆமைதான் வலையில் போகிறது. எத்தனை குழி காப்பாற்றினாலும் இந்த இழப்பு ஈடாகாது.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பெரும்பாலான ஆமைகள் அதற்குள் முட்டையிட்டு முடித்திருக்கும்! அதனால் அந்தத் தடையை நம்ப முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்ற விதியைத்தான் ஜனவரியிலிருந்தே கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும். வலைக்குள் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் ஆமை விலக்குக் கருவியும் இருக்கிறது.

இதை மீனவர்களுக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கரையோரம் இழுவலை வந்தால் முதலில் அறுபடுவது சிறு படகுக்காரர்களின் வலைதான். 2002-இல் நீலாங்கரையில் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவக் கிராமத்து இளைஞர்களையே கடல் ஆமைப் பாதுகாவலர்களாகச் சேர்த்தது. கடல் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது.

[காட்சி: கரையேறும் ஆமை, தூரத்திலிருந்து.]

ஆமை கரையேறுவதை நீங்கள் பார்க்க நேர்ந்தால், அது குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும் வரை பக்கத்தில் போகாதீர்கள். மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஃபிளாஷ் வேண்டாம், செல்ஃபி வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வாரக் கடைசி ஆமை நடைகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். அடர்ந்த நிற உடை போட்டுக்கொண்டு, டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.