கடைமடைக்குத் தண்ணீர் வந்த வழி

நடுவர் அண்ணாச்சி அவர்களுக்கும், பனி விழுகிற நேரத்திலும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சேரன்மாதேவிப் பெருமக்களுக்கும் வணக்கம்.

"எளிய வீட்டுப் பிள்ளையைக் கல்லூரிக்குள் சேர்த்தது மதிப்பெண்ணா, விதிமுறையா?" என்பது தலைப்பு. எதிரணியில் எனக்கு முன்னால் பேசிய தம்பி மதிப்பெண்ணுக்காக உருகிப் போனார். "மதிப்பெண்ணுக்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது, படித்தவனைத் தவிர யாரையும் தெரியாது" என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான். மதிப்பெண்ணைப் பழித்தால் சாப்பிட்ட சோற்றைப் பழித்தது போலாகும்.

ஆனால் தம்பி, உங்கள் ஊரும் கன்னடியன் கால்வாய்ப் பாசனம்தான் என்று கேள்விப்பட்டேன். தாமிரபரணியில் தண்ணீர் போகிறது என்பதற்காகக் கடைமடை வயல் நனைந்துவிடுமா? எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது என்று ஒரு முறை வைத்தால்தானே கடைசி வயலுக்கு ஈரம் போகும்? பிள்ளைகளின் அறிவு ஆற்றுத் தண்ணீர். அது என்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விதிமுறை என்ற சொல்லிலேயே முறை இருக்கிறது.

முதல் சேர்க்கையிலிருந்தே வருகிறேன். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது என்னிடம் ஏது மதிப்பெண்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றையே பார்த்திராத வீடுகளுக்கென்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த விதி. எனக்கு விரல் நுனிக்கும் காதுக்கும் இடையில் ஒரு புளியங்கொட்டை அளவு இடைவெளி. பின்னால் நின்ற என் ஆச்சி, பேன் பார்ப்பது போலத் தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துவிட்டாள். பெரிய வாத்தியார் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பதிவேட்டில் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதினார். இந்தக் கூட்டத்தில் ஜூன் மாதம் பிறந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா! உங்கள் ஆச்சிமார்களுக்கும் என் வணக்கம்.

சிரித்தது போதும். இதே சேரன்மாதேவி மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் நான் இறங்கினால் என்னை மன்னிக்கக் கூடாது. வ.வே.சு. ஐயர் இங்கே ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தினார். தேச விடுதலைக்காக நாடு விட்டு நாடு அலைந்தவர், தமிழில் சிறுகதைக்கு வழி காட்டியவர்களில் ஒருவர். அவர் நல்லவர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்தார். ஆனால் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு நடந்தது. 1924-25-ல் அது வெளியே தெரிந்து, குருகுலத்துக்குப் பணம் கொடுத்திருந்த தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டாகப் பிளக்கிற அளவுக்குப் போயிற்று. பெரியார் கொதித்தெழுந்த நிகழ்ச்சி இது. 1925 ஜூன் மாதமே, பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரையே விட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய மனிதரின் நல்ல மனசால்கூட ஒரு பந்தியைச் சமமாக்க முடியவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். பதிவேட்டில் பெயர் இருந்தது, வரிசையில் இலை இல்லை. அந்தப் பிள்ளைகளில் யாராவது கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தால் இலை இடம் மாறியிருக்குமா, தம்பி?

அடுத்து, சாதி, மதம் பார்த்து இடங்களைப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணை. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியில் அரசு வேலைக்கென்று பிறந்தது. பிற்பாடு கல்லூரிக்கும் வந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் மருத்துவ, பொறியியல் இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பங்கிட்டார்கள். பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இந்தப் பங்கீட்டால் மருத்துவ இடம் கிடைக்காது என்று செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார் போட்ட வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. "பார்த்தீர்களா, மதிப்பெண் ஜெயித்தது!" என்று எதிரணி அக்கா மேசையைத் தட்டினார். அக்கா, அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதை வழக்கிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம், போடவில்லையாம். போடாத விண்ணப்பத்துக்கு ஏது மதிப்பெண்? அங்கே மோதியதும் இரண்டு விதிகள்தான்: அரசியல் சட்டம் ஒரு பக்கம், அரசாணை மறு பக்கம். அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பாருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று பதினைந்தாம் பிரிவில் நான்காவது உட்பிரிவு முளைத்தது. இன்று வரைக்கும் நம் பிள்ளைகள் நிற்பது அதன் நிழலில்தான்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விதிமுறை சில நேரம் வழியை அடைத்தும் இருக்கிறது. மருத்துவ இடங்களை மாவட்ட வாரியாகப் பிரித்தது சென்னை மாநில அரசு. 1968-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பிறகு நேர்முகம். புகுமுக வகுப்பு மதிப்பெண்ணுக்கு 200, நேர்முகத்துக்கு 75 என்று வைத்திருந்தார்கள். விளையாட்டு, தேசிய மாணவர் படை, உடல் வலிமை, பொது ஆற்றல் என்றெல்லாம் பார்த்து ஒரு சில நிமிடத்தில் அந்த எழுபத்தைந்தைப் போடுவார்கள். ராதாபுரம் தேரிக்காட்டிலிருந்து முதல் தடவை ரயில் ஏறிச் சென்னைக்குப் போன பையன், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி "உன் பொழுதுபோக்கு என்ன?" என்ற கேள்விக்கு என்ன சொல்வான்? ஆடு மேய்ப்பது என்றா? பெரியகருப்பன் வழக்கில் அந்த எழுபத்தைந்து அதிகம் என்று நீதிபதிகளே சொன்னார்கள். இந்த இடத்தில் மதிப்பெண்தான் நம் பையனுக்குத் துணை. எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுங்கள், நடுவர் அண்ணாச்சி. ஒன்றுதான்.

ஏனென்றால் மதிப்பெண்ணிலும் எந்த மதிப்பெண் என்று ஒரு கேள்வி இருக்கிறது. 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. ப்ளஸ் டூவில் உயிரைக் கொடுத்து வாங்கிய எண்ணோடு, கோடை விடுமுறையில் பயிற்சி வகுப்பில் வாங்கிய எண்ணும் சேர்ந்தது. பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்க வசதி இருந்தவர்கள் தங்கினார்கள். மற்றவர்கள் வயலுக்குப் போனார்கள். அந்தத் தேர்வை நீக்கியது யார்? 2007-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம். பிறகு நீட் வந்தது, மறுபடியும் எண் மாறியது. பிள்ளை அதே பிள்ளை, மூளை அதே மூளை. அளக்கிற மரக்காலை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அதையும் விதிதான் மாற்றுகிறது. அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்கள் 2019-ல் ஒற்றை இலக்கம். 2020-ல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த அதே ஆண்டில் நானூறை ஒட்டிப் போனார்கள். ஓர் ஆண்டுக்குள் நம் பிள்ளைகளின் புத்தி பல மடங்கு பெருகிவிட்டதா என்ன?

பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு வைத்த ஒன்பதாயிரம் ரூபாய் வருமான வரம்பு, அது போன கதை, அவர்கள் ஒதுக்கீடு முப்பத்தொன்று விழுக்காட்டிலிருந்து ஐம்பது ஆனது, மொத்த ஒதுக்கீடு அறுபத்தொன்பது வரை வந்தது எல்லாவற்றையும் என் அணித் தலைவர் சொல்லிவிட்டார். நடுவர் கை மணியின் பக்கம் போவதும் தெரிகிறது. ஒரே ஒரு வீட்டைக் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

முக்கூடல் பக்கம் ஒரு மாணவி. அம்மா பீடி சுற்றுகிறவர். 2021-ல் அந்த 7.5 விழுக்காடு பொறியியலுக்கும் வந்தபோது, அரசுக் கல்லூரியில் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். அம்மா மடியில் தட்டு; கத்தரித்த இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். நான் பேசப் பேசக் கை நிற்கவில்லை. இலையைச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக, "டீச்சர், நாலு வருசம் கழிச்சு திருப்பிக் கேப்பாகளா?" என்றார். கேட்க மாட்டார்கள் என்றேன். "எழுத்துல இருக்கா?" என்றார்.

மறுநாள் அரசாணையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் அந்தக் கை நின்றது. முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டி எண்ணையும் தேதியையும் படித்தார். மகளின் மதிப்பெண் பட்டியல் பக்கத்தில்தான் கிடந்தது. அதை எடுத்து மகளிடமே கொடுத்தார். அரசாணையை நான்காக மடித்து, ரேஷன் கார்டு இருந்த தகர டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

மணி அடித்துவிட்டது, அண்ணாச்சி. வணக்கம்.